கையிருப்பு இல்லாமல் கடன் அடையாது

சென்னை கோயம்பேடு சந்தையில் காயும் பழமும் பூவும் வாங்கித் தெருவில் விற்கும் சிறு வியாபாரிகளில் பலருக்கு, முதல் என்பது அன்று காலையில் வட்டிக்கு வாங்கும் பணம்தான். ஆயிரம் ரூபாய் வாங்கினால் மாலையில் ஆயிரத்து ஐம்பதாகத் திருப்பித் தர வேண்டும். ஆயிரத்துக்கு எடுத்த சரக்கு ஆயிரத்து நூறுக்கு விற்றால், கிடைத்த லாபத்தில் சரிபாதி வட்டிக்காரருக்கு. மறுநாள் காலை மறுபடியும் அதே ஆயிரம், அதே வட்டி. இப்படி ஆண்டுக்கணக்காக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் என்ற மூன்று பொருளியலாளர்கள், இத்தகைய வியாபாரிகளிடையே சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 2019-இல் வெளியிட்டார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த ஒரு பகுதியினரின் வட்டிக் கடனை முழுவதுமாக அடைத்துவிட்டு, மற்றவர்களை முன்பிருந்த நிலையிலேயே விட்டு, இரு தரப்பையும் தொடர்ந்து கவனித்தார்கள். கடன் தீர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மீண்டும் வட்டிக்கு வாங்கத் தொடங்கினார்கள். ஓராண்டு, ஈராண்டு கழித்துப் பார்த்தபோது, கடன் அடைக்கப்பட்டவருக்கும் அடைக்கப்படாதவருக்கும் இடையே வட்டிக்கு வாங்குவதில் வேறுபாடே இல்லை.

இதைப் படிப்பவர் பலர் உடனே அந்த வியாபாரிகள் மேல் குறை சொல்வார்கள்: கணக்குத் தெரியாதவர்கள், சிக்கனம் தெரியாதவர்கள் என்று. அது நியாயமில்லை. ஒரு ரூபாய் லாபத்துக்காக அரைக் கட்டுக் கீரையைக் கணக்குப் பார்த்து விற்கும் ஒருவருக்குக் கணக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? முல்லைநாதனும் எல்டார் ஷஃபீரும் எழுதிய நூலில் ஒரு கணக்கு வருகிறது. அந்த வியாபாரி தினமும் 5 ரூபாயை மட்டும் செலவழிக்காமல் முதலில் சேர்த்தால், மறுநாள் அந்த அளவுக்குக் கடன் குறையும். மிச்சமாகும் வட்டியும் முதலில் சேரும். ஐம்பது நாளில் ஆயிரம் ரூபாயும் அவருடைய சொந்த முதலாகிவிடும். கணக்கு சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன். ஆனால் அந்த ஐம்பது நாளில் ஒரு நாள் மழை கொட்டும், சரக்கு அழுகும். ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஒரு நாள் தங்கை வீட்டு விசேஷம் வரும். கையில் எதுவும் இல்லாதவருக்கு அந்த நாளில் உள்ள ஒரே வழி பழைய வட்டிக்காரர்தான். கடன் தீர்ந்த நாளில் அந்த வியாபாரிகளின் பாக்கி மட்டுமே பூச்சியமானது. கையிருப்பும் பூச்சியமாகவே இருந்தது.

கடனை அடைக்கப் போராடும் எல்லாக் குடும்பங்களுக்கும் இதையே சொல்ல விரும்புகிறேன். வீட்டு வரவு செலவில் முதலில் ஒதுக்க வேண்டிய தொகை அவசரத்துக்கான சிறு கையிருப்பு. தவணை அதற்கு அடுத்தது. வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது பணத்தைச் சும்மா வைத்திருப்பது நட்டம் என்று கணக்கறிந்தவர்கள் மறுப்பார்கள். நட்டம்தான். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் கடன் இருக்கும்போது 3,000 ரூபாயைத் தனியே வைத்தால் மாதம் 90 ரூபாய் நட்டம். அந்தத் தொண்ணூறு ரூபாய், நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது பத்து வட்டிக்குக் கை நீட்டாமல் இருப்பதற்கான காப்பீட்டுத் தொகை. அந்த வகையில் அது மலிவுதான்.

கடன்பட்ட வீடு இங்கே விதிவிலக்கல்ல. தேசிய மாதிரி ஆய்வின் 77-ஆவது சுற்றுப்படி, 2019-இல் இந்திய விவசாயக் குடும்பங்களில் 50.2 சதவீதம் கடனில் இருந்தன. தமிழ்நாட்டில் அது 65.1 சதவீதம். இதன் வரலாறும் நீண்டது. சென்னை மாகாணத்தில் உழவர் கடனை ஆராய்ந்த ஃபிரெடெரிக் நிக்கல்சன் 1895-இல் தந்த அறிக்கைதான் இந்தியக் கூட்டுறவுக் கடன் இயக்கத்துக்கு விதை. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் தமிழகத்தின் முதல் சங்கம் தொடங்கியது. நூற்றிருபது ஆண்டுகளில் வங்கி வந்தது, மகளிர் குழு வந்தது, செல்போனில் கடன் வந்தது. வட்டிக்காரர் மட்டும் போகவில்லை. கேட்ட நேரத்தில், கேட்ட தொகையை, காகிதம் கேட்காமல் தருகிறவர் அவர் ஒருவர்தான் என்பதே காரணம்.

மாதக் கணக்கும் வாரக் கணக்கும்

வீட்டு வரவு செலவு பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரருக்கு எழுதப்படுகின்றன: மாத வரவு இவ்வளவு, மாதச் செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. நம் குடும்பங்களில் பெரும்பகுதிக்கு வரவு அப்படி வருவதில்லை. கணக்குக்காகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கணவர் டெய்லர், மனைவி செக்கிங். சனிக்கிழமை சம்பளம். வேலை முழுதாக இருக்கும் வாரத்தில் இருவருக்கும் சேர்த்து 6,000 ரூபாய், நான்கு வாரத்துக்கு 24,000. வாடகை 4,500. மளிகை, காய், பால் 6,500. கேஸ், கரண்ட், செல்போன் 1,400. பள்ளி வேன், நோட்டுப் புத்தகம் 1,000. மருந்து 500. ஆகமொத்தம் 13,900.

கடன் பக்கம் நான்கு வரிகள். வாரத் தவணையாக ஒரு நுண்கடன் நிறுவனத்துக்கு 700, அதாவது மாதம் 2,800. மாதத் தவணையாக இன்னொரு நிறுவனத்துக்கு 2,300. தண்டலுக்கு நாளுக்கு நூறு வீதம் மாதம் 3,000. தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கிய 50,000-க்கு வட்டி மட்டும் 1,500. மொத்தம் 9,600. எல்லாம் போக மாதம் 500 ரூபாய் மிஞ்ச வேண்டும். காகிதத்தில் இந்த வீடு சமாளிக்கிறது.

இனி அதையே வாரமாகப் பிரித்துப் பாருங்கள். ஐந்தாம் தேதி வாடகை, பத்தாம் தேதி மாதத் தவணை. இரண்டும் ஒரே சம்பளச் சுழற்சிக்குள் விழும் வாரத்தில் வாடகை 4,500, தவணை 2,300, வாரக் கடன் 700, தண்டல் 700 என்று 8,200 ரூபாய் வெளியே போக வேண்டும். வந்தது 6,000. அரிசி பருப்புக்கு ஒரு ரூபாய் எடுக்குமுன்பே 2,200 துண்டு விழுகிறது. மாதக் கணக்கில் மிச்சம் காட்டும் அதே குடும்பம் அப்படி ஒரு வாரம் வரும்போதெல்லாம் கடன் வாங்குகிறது, அல்லது தாலிக்கொடியில் கோத்த காசைக் கழற்றுகிறது. ஆர்டர் இல்லாமல் மூன்று நாள் மட்டுமே வேலை கிடைத்த வாரத்தை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஏழைக் குடும்பங்களின் பண நடமாட்டத்தை ஓராண்டு முழுவதும் பக்கத்தில் இருந்து பதிவுசெய்த ஓர் ஆய்வு 2009-இல் நூலாக வந்தது. டாரில் காலின்ஸ், ஜோனதன் மோர்டக், ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்டு, ஓர்லாண்டா ருத்வென் ஆகியோர் எழுதியது. இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்கா மூன்றிலும் சுமார் 250 குடும்பங்கள். வருமானம் குறைவு என்பதோடு, அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாததும், வரவுக்கும் செலவுக்கும் நாள் பொருந்தாததும் சேர்ந்தே அந்தக் குடும்பங்களை வாட்டின என்று அவர்கள் காட்டினார்கள். சிலர் நாம் நினைப்பதைவிடத் தீவிரமாகப் பணத்தைக் கையாண்டார்கள்: ஒரு பக்கம் கடன், ஒரு பக்கம் சேமிப்பு, நடுவில் அண்டை வீட்டில் கைமாற்று.

ஆகவே திருப்பூர்க் குடும்பம் முதலில் தொட வேண்டியது செலவுத் தொகையை அல்ல, தேதிகளை. வாடகைக்கென்று ஒவ்வொரு சனிக்கிழமையும் 1,125 ரூபாயை எடுத்து வைத்தால் ஐந்தாம் தேதி பயமில்லாமல் வரும். மாதத் தவணையைப் பத்திலிருந்து இருபத்தைந்துக்கு மாற்றக் கேட்கலாம். கேட்டால் தருவார்களா என்ற தயக்கம் வேண்டாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் நுண்கடன் நெறிமுறைகளின்படி, தவணை வாரமா மாதமா என்பதில் கடன் வாங்குபவரின் தேவைக்கேற்ப நெகிழ்வு காட்டும் கொள்கை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இருக்க வேண்டும். தவணை வசூலிக்கும் மையக் கூட்டத்தில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இந்தத் தேதிக் கணக்கைச் சம்பளம் கைக்கு வரும் நாளிலேயே முடித்துவிட வேண்டும் என்பதற்கு நம் ஊர் ஆய்வு ஒன்றே ஆதாரம். தமிழ்நாட்டின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. கரும்புப் பணம் வருமுன், கையில் காசில்லாத நாளில் ஒரு தேர்வு. பணம் வந்த பின் அதே ஆளுக்கு அதேபோன்ற தேர்வு. பணமில்லாத நாளில் அதே மனிதர் மோசமாகச் செய்தார், பணம் வந்தபின் தேறினார். இந்த விளைவின் அளவைப் பற்றிப் பின்னால் விவாதங்கள் எழுந்தன. ஆனால் காசில்லாத நாளின் மனநிலையை அறிந்த எவருக்கும் அதன் சாரம் புதிதாக இராது. வியாழக்கிழமை இரவில் எடுக்கும் பண முடிவைவிடச் சனிக்கிழமை மாலையில் எடுக்கும் முடிவு தெளிவானது.

எந்த வட்டி, என்ன வட்டி

நான்கு கடனில் எது விலை உயர்ந்தது என்று அந்தத் திருப்பூர் வீட்டில் கேட்டால், அதிகம் பிடுங்குவது வாரக் கடன் என்பார்கள். தண்டலை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, நூறு ரூபாய்தானே. தண்டலின் கணக்கு இது: பத்தாயிரம் என்று எழுதி, ஆயிரத்தை முன்பே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் தருவார்கள். நூறு நாள், நாளுக்கு நூறு. பத்து சதவீத வட்டி போலத் தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், சராசரியாக உங்களிடம் இருப்பது அந்த ஒன்பதாயிரத்தில் பாதிக்குச் சற்றே மேல்தான். அந்தப் பாதித் தொகைக்கு மூன்று மாதத்துக்குச் சற்று மேலான காலத்தில் ஆயிரம் ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் போட்டால் 75 சதவீதத்தைத் தாண்டும்.

‘பிளாட்’ வட்டியும் இதே வகை. ஒரு லட்சம் ரூபாய், 12 சதவீதம், 24 மாதம் என்பார் ஒருவர். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் வீதம் இரண்டு ஆண்டுக்கு 24,000 சேர்த்து, 1,24,000-ஐ இருபத்து நான்கால் வகுத்து மாதம் 5,167 என்று எழுதுவார். கட்டக் கட்ட அசல் குறைகிறது, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கே நிற்கிறது. அசல் குறையும் கணக்கில் இது 21.6 சதவீதம். வங்கியில் 14 சதவீதம் என்று கேட்டுத் தயங்கி, இங்கே 12 என்று கேட்டு மகிழ்ந்து கையெழுத்துப் போட்டவர்கள் ஏராளம். 2024 அக்டோபர் முதல் வங்கியும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடன் எதற்கும் முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளைத் தர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்க வேண்டும், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

இனி அந்த மூன்று வட்டிக் கடன். மாதம் 1,500 என்று மூன்று ஆண்டு கட்டினால் 54,000 ரூபாய் போயிருக்கும். வாங்கியதைவிட அதிகம் கட்டியாயிற்று, ஆனாலும் ஐம்பதாயிரம் அசல் அப்படியே நிற்கிறது. அதே ஐம்பதாயிரத்தை ஆண்டுக்கு 12 சதவீதத்தில், அசலும் வட்டியும் சேர்ந்த தவணைக் கடனாக மாற்றினால், 36 மாதத்துக்கு மாதம் 1,661 ரூபாய். வித்தியாசம் 161 ரூபாய்தான். மூன்றாம் ஆண்டு முடிவில் ஒரு வீட்டில் கடன் இல்லை, மற்றதில் கடன் முழுதாக இருக்கிறது. கடன் அடைப்பில் சிக்கனத்தால் கிடைப்பதைவிட இப்படிக் கடனை இடம் மாற்றுவதால் கிடைப்பது பெரிது. மாற்றக்கூடிய இடங்களும் இருக்கின்றன. வங்கியிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்திலோ நகைக்கடன் வாங்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுவின் வங்கி இணைப்புக் கடனும் உண்டு. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய குழுக்களின் வழி வந்தது அது. இந்தக் குழு வேறு, கடன் கொடுப்பதற்காகவே நுண்கடன் நிறுவனம் திரட்டும் குழு வேறு. முதலாவதில் உறுப்பினரின் சேமிப்பு உண்டு, பொது நிதி உண்டு, உள்கடன் உண்டு. இரண்டாவதில் கடனும் ஒருவருக்கொருவர் பிணையும் மட்டுமே. தெருவில் இரண்டையும் குழு என்றே சொல்வதால், ஒன்றின் பலனை மற்றதில் எதிர்பார்த்து ஏமாறும் பெண்கள் உண்டு.

நகைக்கடனில் ஓர் எச்சரிக்கை. ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி மறுஅடகு வைப்பதும், தங்கம் விலை ஏறியதால் அதே நகைக்குக் கூடுதல் பணம் எடுப்பதும் கடனை அடைப்பதாகாது. மூன்று வட்டியைத் தீர்க்க வைத்த நகையை மாதம் கொஞ்சமாக அசலில் கட்டி மீட்க வேண்டும். இல்லாவிட்டால் வட்டிக்காரருக்கும் நகைக்கடனுக்கும் இடையே அந்தக் கடன் உருண்டுகொண்டே இருக்கும்.

எதை முதலில் அடைப்பது? உயர்ந்த வட்டியை முதலில் என்கிறது கணக்கு. மனம் சிறிய கடனை முதலில் அடை என்கிறது. மனத்தின் பேச்சுக்கும் ஆதாரம் உண்டு. டேவிட் கால், பிளேக்லி மக்ஷேன் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கடன் தீர்க்கும் திட்டத்தில் சேர்ந்த அமெரிக்கர்களில் கணக்குகளை ஒவ்வொன்றாக மூடியவர்களே முழுக் கடனையும் தீர்க்கும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். நம் ஊரில் மூன்றாவது அளவுகோல் ஒன்று இருக்கிறது: எந்தக் கடன் நம் மானத்தைத் தொடுகிறது? இசபெல் கெரான், சந்தோஷ் குமார், வெங்கடசுப்ரமணியன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் கள ஆய்வு செய்து, கடன்பட்ட பெண்களைப் பற்றி 2023-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் தலித் பெண்களைப் பற்றியது அது. மலிவான கடனா, விலை உயர்ந்த கடனா என்று மட்டும் அந்தப் பெண்கள் பார்ப்பதில்லை. யாரிடம் பட்ட கடன், அவர் வாசலில் நின்று என்ன பேசுவார், பதிலுக்கு என்ன எதிர்பார்ப்பார் என்பதையும் சேர்த்தே எடை போடுகிறார்கள். ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கட்டும் வேலை முழுவதும் பெண்ணின் தலையில் விழுகிறது. வீட்டில் ஆண்களுக்குத் தெரியாமலேயே பல கடன்கள் நடக்கின்றன.

என் தீர்ப்பு இது. பெரும்பாலான வீடுகளில் இந்த மூன்று அளவுகோலும் ஒரே கடனைத்தான் காட்டுகின்றன. தண்டலும் மீட்டர் வட்டியும்தான் அளவில் சிறியவை, வட்டியில் உயர்ந்தவை, வாசலில் நின்று அசிங்கப்படுத்துபவை. அவற்றை முதலில் தீர்க்க வேண்டும். அடுத்து மூன்று வட்டியை இடம் மாற்ற வேண்டும். நுண்கடன் அதன் தவணைப்படி போகட்டும். வட்டியில்லாத கைமாற்றைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் பலருடைய வழக்கம். அது தவறு என்று நினைக்கிறேன். அவசரத்துக்கு வட்டியில்லாமல் கொடுத்த அண்ணன்தான் அடுத்த அவசரத்துக்கும் கொடுக்கக்கூடியவர். மாதம் 500 ஆனாலும் அவருக்குத் திருப்பிக்கொண்டே இருப்பது அந்த வாசலைத் திறந்து வைக்கும்.

தண்டல் முடிந்த மறுநாள்

கையிருப்பை எங்கிருந்து எடுப்பது? திருப்பூர்க் குடும்பத்தின் 500 ரூபாய் மிச்சத்தில் அது வராது. வழி தண்டலிலேயே இருக்கிறது. நூறாவது நாளில் தண்டல் முடிகிறது. அன்றைக்கே அடுத்த பத்தாயிரத்தைத் தரத் தண்டல்காரர் தயாராக இருப்பார். அதை மறுத்துவிட்டு, நூற்றியோராவது நாளும் அதே நூறு ரூபாயை எடுத்து வைத்தால் அடுத்த நூறு நாளில் 10,000 ரூபாய் சொந்தமாக இருக்கும். கொடுத்துப் பழகிய பணம் என்பதால் வயிற்றை இறுக்க வேண்டியதில்லை. இந்த நூறு நாள் அந்தக் குடும்பத்தின் வாழ்வில் மிக முக்கியமான காலம்.

2023 செப்டம்பர் 15 முதல் தரப்படும் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் கிடைக்கும் வீட்டில் அது இன்னும் எளிது. மூன்று மாதத்தில் மூவாயிரம், முதல் கையிருப்பு ஆயிற்று. அந்தப் பணம் வந்த அன்றே வட்டிக்குப் போகும் வீடுகள் அதிகம் என்பதை மறுக்கவில்லை. முடிந்த மாதத்தில் பாதியையாவது காப்பாற்றலாம். வைக்கும் இடமும் முக்கியம். வீட்டுப் பானையில் வைத்தால் கேட்பவர் கைக்குப் போகும். அஞ்சலகத்தில் தொடர் வைப்புக் கணக்கை மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம். சுயஉதவிக் குழுவின் சேமிப்பும் நல்லது. ஏலச்சீட்டை இந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. தள்ளுபடி கொடுத்து முன்கூட்டி எடுத்த சீட்டு வட்டிக் கடனைப் போன்றதே. பதிவு செய்யாத சீட்டில் பணத்துக்கே உத்தரவாதமில்லை.

எதிர்பாராத செலவு என்று நாம் சொல்பவற்றில் பாதி எதிர்பார்க்கக்கூடியவை. ஜூனில் பள்ளி, ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல். பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடி வட்டாரத்தில் ஆடி மாதத்து மொய் விருந்துகள் வரிசையாக வரும். மொய் உண்மையில் வட்டியில்லாக் கடன், அதற்கு நோட்டும் இருக்கிறது. யார் வீட்டுக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பது பல ஆண்டுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் பத்திரிகை வந்த பிறகே பணம் புரட்ட ஓடுகிறோம். மொய் நோட்டைக் கடன் பட்டியலோடு சேர்த்து வைத்து, அந்த ஆண்டு யார் வீட்டில் விசேஷம் வரக்கூடும் என்று தை மாதத்திலேயே பார்த்துவிட்டால், ஆடியில் வட்டிக்கு வாங்கும் தொகை பெரும்பாலும் குறைந்துவிடும்.

செலவைக் குறைக்கும் பேச்சு வந்தால் முதலில் கை வைப்பது சோற்றில். 2023-24 நுகர்வுச் செலவு ஆய்வுப்படி இந்தியக் கிராமக் குடும்பத்தின் செலவில் சுமார் 47 சதவீதம் உணவுக்குப் போகிறது. பெரிய தொகை அங்கே இருப்பதால் வெட்டும் அங்கே விழுகிறது. வெட்டு யார் தட்டில் விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். முட்டை குழந்தைக்கு, மீன் கணவனுக்கு, குழம்பு மட்டும் மனைவிக்கு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. ரேஷன் அரிசி 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. அதில் மிச்சமாகும் பணம் பருப்புக்கும் முட்டைக்கும் போக வேண்டும், தவணைக்குப் போகக் கூடாது. தவணைக்காகச் சாப்பாட்டைக் குறைத்த பெண் கடைசியில் மருத்துவச் செலவாக அதைத் திருப்பிக் கட்டுகிறாள்.

குடிச் செலவைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டுக் குடும்பக் கணக்கு எழுத முடியாது. 2023-24-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். அதில் கூலி வாங்கும் கைகளிலிருந்து போனதும் உண்டு. பெண்ணிடம் சிக்கனம் கேட்கும் பயிற்சி முகாம்கள் ஏராளம். அவள் நோட்டில் ஆணின் அன்றாடச் செலவுக்கு வரியே இருப்பதில்லை, ஏனென்றால் அந்தப் பணம் வீட்டுக்கு வருமுன்பே போய்விடுகிறது. இருவரும் உட்கார்ந்து இருவருடைய வரவையும் இருவருடைய கடனையும் ஒரே தாளில் எழுதாதவரை, எந்தத் திட்டமும் பாதி வீட்டுக்கான திட்டம்தான்.

சட்டம் எங்கே உதவும்

2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்து வட்டியால் ஒரு குடும்பம் தீக்குளித்து மாண்டதைத் தமிழகம் பார்த்தது. புகார் மனுவுக்கும் நடவடிக்கைக்கும் இடையே உள்ள தூரத்தில் மனிதர்கள் இறந்துபோகிறார்கள். 2025-இல் கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி நெறிப்படி நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் யாரும் வீட்டுக்கு வரக் கூடாது. முன்கூட்டிக் கடனை முடித்தால் அபராதமும் கிடையாது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அதே நெறிதான். பாதி என்பது உச்ச வரம்பு. 24,000 வருமானத்தில் 9,600 கட்டும் திருப்பூர்க் குடும்பம் 40 சதவீதத்திலேயே மூச்சுத் திணறுகிறது. வட்டிக்காரரிடம் வாங்கியதோ எந்த நிறுவனத்தின் பதிவிலும் இல்லை. ஆகவே இந்தப் பாதியை யாரும் தாங்கக்கூடிய அளவு என்று எண்ணிவிடக் கூடாது.

கடன் கொடுப்பவர்களுக்கும் ஒரு சேதி உண்டு. கொல்கத்தாவில் எரிக்கா ஃபீல்டு, ரோஹிணி பாண்டே குழுவினர் நடத்திய ஆய்வில், வாரத் தவணைக்குப் பதில் மாதத் தவணை கட்டிய பெண்களிடம், தவணை பற்றிய கவலையும் பதற்றமும் பாதியாகக் குறைந்திருந்தன. வங்கதேசத்தில் பிராக் நிறுவனத்தின் நல்ல வாடிக்கையாளர்களுக்கு, ஓராண்டுக் கடனில் விரும்பிய இரண்டு தவணைகளைத் தள்ளிப்போடும் உரிமை கொடுத்துப் பார்த்தார்கள். தொழில் வளர்ந்தது, கடன் தவறுவதும் குறைந்தது. கையிருப்பு இல்லாத குடும்பத்துக்கு அந்த இரண்டு தவணைதான் கையிருப்பு.

தமிழ்நாட்டில் நுண்கடன் தரும் ஒவ்வொரு வங்கியும் நிறுவனமும் ஆண்டுக்கு இரண்டு தவணையைத் தள்ளிவைக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும். கூட்டுறவு சங்கங்களும் குழுக் கூட்டமைப்புகளும் மூவாயிரம், ஐயாயிரம் ரூபாய் அவசரக் கடனை அன்றன்றே தர வழி செய்ய வேண்டும். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தச் சனிக்கிழமை சம்பளம் வந்ததும், கணவனும் மனைவியும் ஒரு தாளில் எல்லாக் கடனையும் அதன் தேதியோடு எழுதுங்கள். அதற்கு மேலே, முதல் வரியாக, இருப்புக்கு ஒரு தொகை எழுதுங்கள். நூறு ரூபாயானாலும் சரி.